காட்டோரத்து மக்களே காவல்: பெரியார் புலிகள் காப்பகமும் மக்கள் நடத்தும் சூழல் சுற்றுலாவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேக்கடிக்குப் போகிறவர்கள் கேட்பவை பாதி. தங்கள் மலையடிவாரத்திலும் இப்படி ஒன்றைத் தொடங்கலாமா என்று யோசிக்கும் ஊர்க்காரர்கள் கேட்பவை மீதி. இரண்டையும் ஒன்றாகவே தந்திருக்கிறோம். வருகிறவர் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போகிறது என்பதை வைத்துத்தான் ஒரு காட்டுச் சுற்றுலா காட்டைக் காக்குமா, தின்னுமா என்பது முடிவாகிறது.

பெரியார் காப்பகம் எங்கே இருக்கிறது?

கேரளத்தின் இடுக்கி, பத்தனம்திட்டா மாவட்டங்களில், தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது. பரப்பு 925 சதுர கிலோமீட்டர். தேனி, கம்பம், கூடலூர் வழியாக மலையேறினால் குமுளி. அங்கிருந்து தேக்கடிப் படகுத்துறை சுமார் நான்கு கிலோமீட்டர். முல்லைப் பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிந்தபோது தேங்கிய நீர்தான் தேக்கடி ஏரி. அப்போது மூழ்கிய மரங்களின் மொட்டை அடிகள் இன்றும் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகை விரித்து வெயில் காய்வது அவற்றின் மேல்தான். 1950-இல் சரணாலயமாகவும் 1978-இல் புலிகள் காப்பகமாகவும் ஆனது.

சூழல் மேம்பாட்டுக் குழு என்கிறார்களே, அது என்ன?

காட்டை ஒட்டியோ காட்டுக்குள்ளோ வாழும் குடும்பங்களும் வனத்துறையும் சேர்ந்து அமைக்கும் அமைப்பு. 1996-இல் உலக வங்கி, உலகச் சூழல் நிதியம் ஆகியவற்றின் உதவியோடு இந்தியாவில் ஏழு இடங்களில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பெரியார் அதில் ஒன்று. குழுக்கள் மூன்று வகையாக அமைந்தன. ஒரு குடியிருப்பு முழுவதையும் கொண்டது ஒரு வகை. விறகு, புல், மீன் என்று ஒரே பொருளைக் காட்டிலிருந்து எடுப்பவர்கள் சேர்ந்தது இன்னொரு வகை. சுற்றுலா, காவல் வேலையையே தொழிலாகச் செய்வோரின் குழு மூன்றாவது.

மன்னான், பளியர் பழங்குடிகளின் குடியிருப்புகளில் முதலில் எடுத்துக்கொண்ட வேலை சுற்றுலா அல்ல, மிளகுக் கடன். அறுவடைக்கு முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, அவர் சொன்ன விலைக்கே மிளகைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கடன் கழுத்தை நெரிக்கிறவன் காட்டுக்குள் போய் எதையாவது எடுத்துவந்துதான் ஆகவேண்டும். கடனை அடைத்து, மிளகைக் கூட்டாக விற்க ஏற்பாடு செய்த பிறகுதான் மற்ற பேச்சுக்கே இடம் வந்தது. புதிதாகத் தொடங்கும் ஊர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் கடன், அப்புறம் காவல், கடைசியில்தான் சுற்றுலா.

திருட்டுத்தனமாகப் பட்டை உரித்தவர்கள்தான் இன்று வழிகாட்டிகளாமே? நம்பிப் போகலாமா?

நம்பிப் போகலாம். சமையல் பட்டைக்குக் காட்டில் ஓர் உறவு உண்டு, வயனை என்பார்கள். அதன் பட்டையை உரித்து நல்ல பட்டையோடு கலந்து விற்கும் தொழில் ஒரு காலத்தில் இங்கே கொடிகட்டிப் பறந்தது. மரத்தைச் சுற்றிலும் பட்டையை எடுத்தால் இலையில் செய்த உணவு வேருக்கு இறங்க வழி அற்றுப்போகும். நின்றபடியே மரம் பட்டுப்போகும். இந்தத் தொழிலில் இருந்த 23 பேர் 1990-களின் பிற்பகுதியில் வனத்துறையோடு உடன்பாட்டுக்கு வந்தார்கள். 'முன்னாள் வயனைப் பட்டை சேகரிப்போர்' என்ற பெயரிலேயே குழு அமைத்தார்கள். பெயரை மறைக்கவில்லை.

இவர்கள் நடத்தும் புலித்தட நடைபயணத்தில் ஐந்தாறு விருந்தினர்களுக்கு ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் வழிகாட்டிகளும், துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவரும் வருவார்கள். வேட்டைக்காரர் எந்த ஓடை வழியே இறங்குவார், எங்கே அடுப்பு மூட்டுவார், சுருக்குக் கம்பியை எந்தத் தடத்தில் வைப்பார் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. விருந்தினரோடு நடக்கும் ஒவ்வொரு நாளும் அந்தப் பகுதிக்கு ஒரு ரோந்து நாள். நீங்கள் கொடுக்கும் கட்டணம் அந்த ரோந்துக்கான கூலி. எல்லையோரத் தமிழர்களைக் கொண்ட 'விடியல்' குழுவும் இதே வழியில் உருவானதுதான்.

பெண்களின் பங்கு என்ன?

2002-இல் தொடங்கிய வசந்த சேனை. காட்டோரக் குடும்பங்களின் பெண்கள் முறைவைத்து, சிறு சிறு அணியாகப் பகலில் ரோந்து போகிறார்கள். சம்பளம் கிடையாது. வேறு ஊரில் இதைப் பின்பற்ற நினைப்பவர்களுக்கு எங்கள் கருத்து: சம்பளமில்லாத வேலையைப் பெண்கள் தாமே முன்வந்து செய்தால் தலைவணங்கலாம், திட்டத்தில் எழுதி அவர்கள் தலையில் கட்டக்கூடாது.

ஏரிப் படகுச் சவாரியும் மக்கள் நடத்தும் சுற்றுலாதானா?

இல்லை. பெரிய படகில் போவது வேறு, குழுக்கள் நடத்தும் நிகழ்ச்சிகள் வேறு. படகில் ஏறுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று இந்த ஏரியில் இரட்டை மாடிப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. உயிர்க்கவசத்தை மாட்டி எல்லா வாரையும் இறுக்குங்கள். யானை தெரிந்தாலும் இருக்கையை விட்டு எழாதீர்கள்.

எந்த நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பது?

குழந்தைகளோ வயதானவர்களோ உடன் இருந்தால் மூன்று மணி நேர இயற்கை நடை போதும். விடிகாலை முறையைக் கேளுங்கள். நாள் முழுக்க நேரமும் நடக்கத் தெம்பும் இருந்தால் மூங்கில் தெப்பப் பயணம்: காலையில் நடந்துபோய், தெப்பத்தில் துடுப்புப் போட்டு, சாப்பிட்டு, மாலையில் திரும்புவது. எல்லையோர நடை பகல் முழுக்க ஏற்ற இறக்கம். இரவு ரோந்தில் காவலர்களோடு மூன்று மணி நேரம் நடப்பீர்கள். பார்ப்பது குறைவு, கேட்பது அதிகம். புலித்தட நடையில் காட்டிலேயே கூடாரத்தில் தங்க வேண்டும். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து பழகாதவர்கள் அதற்குப் போகவேண்டாம். உங்கள் முழங்கால் வலிக்காக மொத்த அணியும் இருட்டுக்கு முன் முகாம் சேர முடியாமல் போகும்.

கட்டணமும் நேரமும் மாறிக்கொண்டே இருப்பதால் இங்கே குறிப்பிடவில்லை. காப்பகத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலோ தேக்கடியில் உள்ள சூழல் சுற்றுலா மையத்திலோ பாருங்கள்.

எந்த மாதம் நல்லது?

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நடக்கச் சுகம். மார்ச், ஏப்ரலில் உள்காட்டு ஓடைகள் வற்றுவதால் விலங்குகள் ஏரிக்கரைக்கு வரும். பார்க்க நல்ல காலம், ஆனால் வெயிலும் தீ அபாயமும் அதிகம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் அட்டையும்.

என்ன உடுத்துவது? அட்டை கடித்தால்?

சருகு நிறம், மங்கிய பச்சை, காக்கி. வெள்ளை வேண்டாம், காட்டில் வெகு தூரத்துக்குத் தெரியும். வாசனைத் திரவியம் வேண்டாம். பேண்ட் முனையைக் காலுறைக்குள் திணித்து, மேலே நெருக்கமாக நெய்த துணியிலான அட்டைக் காலுறையை முழங்கால்வரை இழுத்துக் கட்டுங்கள். பின்னல் இடைவெளி உள்ள சாதாரணக் காலுறை வழியே அட்டை எளிதாக நுழைந்துவிடும்.

கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். அட்டைக்கு இரு முனையிலும் ஒட்டுறிஞ்சி உண்டு; மெலிந்த முனையில்தான் வாய். விரல் நகத்தைத் தோலோடு ஒட்டிவைத்து அந்த மெலிந்த முனையின் அடியில் பக்கவாட்டில் நகர்த்தினால் பிடி விடும். அடுத்து தடித்த முனை. உப்போ நெருப்போ வைத்தால் குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கும், தொற்று வரலாம். விழுந்த பிறகும் இரத்தம் நிற்காமல் வருவதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. உறைவதைத் தடுக்கும் பொருளை அட்டை செலுத்தியிருக்கும். கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

யானை எதிரே வந்தால்?

நீங்கள் பார்ப்பதற்கு முன்பே வழிகாட்டி அறிந்திருப்பார். கவனியுங்கள்: அடிக்கடி ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலிடுக்கில் வழியவிடுவார், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறார். காற்று நம்மிடமிருந்து யானையை நோக்கிப் போனால் வழியை மாற்றுவார். பாதையில் கிடக்கும் லத்தி உருண்டையைப் பிட்டு உள்ளே விரல் வைப்பார். சூடு இருந்தால் கூட்டம் பக்கத்தில்தான்.

எதிர்ப்பட்டால் வழிகாட்டிக்குப் பின்னால் ஒட்டி நில்லுங்கள். ஆளுக்கொரு பக்கம் சிதறாதீர்கள். காதை ஆட்டிக்கொண்டு மேய்கிற யானை அமைதியாக இருக்கிறது. காதை விரித்து, உடலை அசைக்காமல், தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தால் அதற்கு நம்மைப் பிடிக்கவில்லை. ஓசையின்றிப் பின்வாங்க வேண்டும். குட்டியோடு இருக்கும் கூட்டத்துக்கும் தனியாக நிற்கும் காட்டுமாட்டுக்கும் கூடுதல் இடைவெளி. புதர் அடர்ந்த வளைவுகளில் வழிகாட்டி குச்சியால் மரத்தைத் தட்டுவது கரடிக்காக. பெரும்பாலும் திடீரென்று முகத்துக்கு முகம் பார்த்தால்தான் கரடி பாயும்.

புலி தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. அடர்ந்த பசுமைமாறாக் காட்டில் பத்தடிக்கு அப்பால் புலி படுத்திருந்தாலும் கண்ணுக்குப் படாது. காலடித் தடம், மரத்தில் நகக்கீறல், எச்சம் இவை கிடைக்கும். தடத்தின் விளிம்பு உதிராமல் கூர்மையாக இருந்தால் புதியது. பனித்துளி விழுந்த புள்ளிகள் உள்ளே இருந்தால் நேற்றிரவுக்கு முன்னால் போனது. புலியைக் காட்டியே தீருவேன் என்று யாராவது பணம் கேட்டால் போகாதீர்கள்.

நான் கொடுக்கும் பணம் எங்கே போகிறது?

உலக வங்கித் திட்டம் 2004-இல் முடிந்தது. வெளிப்பணம் நின்றதும் குழுக்கள் சரிந்துவிடக்கூடாது என்று அதே ஆண்டில் பெரியார் அறக்கட்டளை அமைந்தது. நுழைவுக் கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கும் சூழல் மேம்பாட்டுக் கூடுதல் கட்டணம் அரசுக் கருவூலத்துக்குப் போகாமல் இங்கே வந்து சேர்கிறது. 2006-இல் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது எல்லாப் புலிகள் காப்பகங்களுக்கும் இப்படி ஓர் அறக்கட்டளை வேண்டும் என்று எழுதப்பட்டது. குழுக்களின் நிகழ்ச்சி வருமானத்திலிருந்து உறுப்பினர் கூலி, செலவு, பொது நிதி ஆகியவை போகின்றன. குமுளியில் தனியார் விடுதிக்குக் கொடுக்கும் வாடகையில் இந்தக் குழுக்களுக்குப் பங்கில்லை. ஆகவே விடுதியில் ஒரு நாளைக் குறைத்து நடைப்பயணத்தில் ஒரு நாளைக் கூட்டுங்கள்.

எங்கள் ஊரில் தொடங்க வேண்டுமானால் முதல் வேலை என்ன?

கணக்கெடுப்பு. விடுதி கட்டுவதும் பலகை வைப்பதும் பிறகு. எந்தெந்த வீடு காட்டை நம்பியிருக்கிறது, வாரத்துக்கு எத்தனை சுமை விறகு, எத்தனை மாடு மேய்கிறது, யாருக்கு எவ்வளவு கடன் என்று வீடு வீடாகப் போய் எழுதுங்கள். விறகுச் சுமையைக் கேட்டு மட்டும் எழுதாமல், காட்டுப்பாதை முடியும் இடத்தில் இரண்டு வாரம் காலையும் மாலையும் உட்கார்ந்து எண்ணுங்கள். வாயால் சொல்லும் கணக்கும் கண்ணால் பார்த்த கணக்கும் ஒத்துப்போகாது.

அதை வைத்து ஊர்க்கூட்டத்தில் நுண்திட்டம் எழுதவேண்டும். துறை என்ன தரும் என்பது ஒரு பக்கம், ஊர் என்ன விடும் என்பது எதிர்ப் பக்கம். 'காட்டைப் பாதுகாப்போம்' என்று எழுதினால் யாரையும் எதுவும் கேட்க முடியாது. 'இந்த ஓடைக்கு மேற்கே மாடு விடமாட்டோம், தீக்காலத்தில் வீட்டுக்கு ஒருவர் முறைவைத்துக் காவல் வருவோம்' என்று எழுதினால் கேட்கலாம். பொதுக்குழுவில் வீட்டுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணும். வங்கிக் கணக்கில் குழுத் தலைவரும், குழுவின் செயலராக இருக்கும் வன அலுவலரும் சேர்ந்து கையெழுத்து. உதவி எதுவும் முழு இலவசமாக வேண்டாம். பெரியாரில் குடும்பங்கள் உதவியில் கால்பங்கைத் தம் பங்காகப் பணமாகவோ உழைப்பாகவோ போட்டன. அதில் ஒரு பிடிப்பு வரும்.

வழிகாட்டிகளை யார் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பெரும்பாலான ஊர்கள் தவறுகின்றன. பத்தாவது படித்த, பேச்சுத்திறன் உள்ள இளைஞர்களை எடுத்துவிட்டு, இரவில் காட்டுக்குள் போய்வருகிறவரை வெளியே விட்டால் சுற்றுலாவும் நடக்கும், வேட்டையும் நடக்கும்.

எத்தனை பேர் வந்தால் கட்டுப்படியாகும்?

கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு மாதிரி தருகிறோம். தொகைகள் வெறும் உதாரணம். நாள் நடைக்கு ஒருவருக்கு 1,000 ரூபாய், அதிகபட்சம் 10 பேர். ஐந்து வழிகாட்டிகளுக்கு தலா 800 என்றால் 4,000. அவர்களுக்கும் காவலருக்கும் சாப்பாடு, ஆளுக்கு 200 வீதம் 1,200. கருவி, தெப்பம், உயிர்க்கவசத் தேய்மானம் 800. ஆக, யார் வந்தாலும் வராவிட்டாலும் 6,000 செலவு. விருந்தினர் ஒருவரின் சாப்பாடு 200 போக 800 மிஞ்சும். பத்துப் பேர் வந்தால் 8,000. நிதிக்கு 2,000 சேரும். ஐந்து பேர் வந்தால் 2,000 கைநட்டம். எட்டுப் பேருக்குக் குறைந்தால் நட்டம்தான்.

இதைச் சரிக்கட்ட அணியைப் பெரிதாக்காதீர்கள். இருபது பேர் நடந்தால் எந்த விலங்கும் நிற்காது, பாதையும் அகலும். ஐந்து பேருக்கு மூன்று வழிகாட்டிகள் என்று குறையுங்கள். அல்லது குறைந்தபட்ச அணிக் கட்டணம் வையுங்கள். தேய்மானத்தை ஒதுக்காத குழுக்கள் மூன்றாம் ஆண்டில் கிழிந்த உயிர்க்கவசத்தை மாற்றப் பணமில்லாமல் நிற்கும்.

எங்கே கெட்டுப்போகிறது?

கணக்கில்தான் தொடங்கும். செயலராக இருக்கும் வன அலுவலர் மாறுதலாகிப் போவார். புதியவர் வரும்வரை காசோலையில் கையெழுத்து இல்லை, கூலி நிற்கும், ஆள் காட்டுக்குத் திரும்பிவிடுவார். மாற்றுக் கையெழுத்தாளரைத் தொடக்கத்திலேயே தீர்மானத்தில் எழுதுங்கள். மாதக் கணக்கை ஊர் நடுவே பலகையில் தமிழில், எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டுங்கள்.

அடுத்தது, நாலைந்து குடும்பங்களே எல்லா வேலையையும் பிடித்துக்கொள்வது. முறைப்பட்டியலை வெளிப்படையாக வைத்தால் பாதி குறையும். மூன்றாவது, எல்லா முட்டையையும் சுற்றுலாக் கூடையில் வைப்பது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் காடுகள் மூடியபோது வழிகாட்டி வருமானம் ஒரே நாளில் நின்றது. மூன்று மாதக் கூலிக்கு ஈடான இருப்பு வங்கியில் இருக்கவேண்டும்; மிளகோ தேனோ ஆடோ, இன்னொரு வருமானம் ஒவ்வொரு வீட்டுக்கும் இருக்கவேண்டும்.

சட்டம் எதை அனுமதிக்கிறது?

புலிகள் காப்பகத்தின் மையப்பகுதியில் சுற்றுலா 20 விழுக்காட்டுப் பரப்பைத் தாண்டக்கூடாது, அங்கே புதிய சுற்றுலாக் கட்டடம் எழுப்பக்கூடாது என்று தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் 2012 நெறிமுறை சொல்கிறது. தமிழகத்தில் மலையேற்றத்துக்கு 2018 விதிகள் பொருந்தும்.

2006 வன உரிமைச் சட்டத்தையும் ஊரார் படித்தே ஆகவேண்டும். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து வாழும் பழங்குடிகளுக்கு நில உரிமையும், காட்டைச் சமூகமாகப் பயன்படுத்திப் பாதுகாக்கும் உரிமையும் அதில் உண்டு. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன மலையில் சோலிகர்கள் 2011-இல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சமூக உரிமை பெற்றார்கள். சூழல் மேம்பாட்டுக் குழு இந்த உரிமைக்கு மாற்று ஆகாது. குழுவைத் துறை நினைத்தால் கலைக்கலாம். சட்ட உரிமையைக் கலைக்க முடியாது. இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள்.

கோடையில் பாதையை மூடினால் எங்கள் வருமானம் போகிறதே?

போகும். ஆனாலும் மூடத்தான் வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். காய்ந்த புல்வெளியில் தீ சரிவில் மேல்நோக்கி ஓடும்போது மனிதனால் அதை முந்த முடியாது. சூடான காற்று மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. மூடும் மாதங்களில் அதே வழிகாட்டிகளுக்குத் தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலையும் காவல் வேலையும் கூலியோடு கிடைக்க ஆண்டுத் திட்டத்திலேயே பணம் ஒதுக்கச் சொல்லுங்கள். காட்டை ஆக்கிரமிக்கும் வேற்றுநாட்டுப் புதரான உண்ணிச்செடியை அகற்றும் வேலையும் உண்டு. அதை வெறுமனே வெட்டினால் அடியிலிருந்து தழைக்கும். மண்ணுக்குக் கீழே மூன்று நான்கு சென்டிமீட்டரில் வேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கவேண்டும். அடுத்த இரண்டு மழைக்குப் பிறகு முளைக்கும் நாற்றுகளைக் கையால் பிடுங்காவிட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

காடு உண்மையிலேயே மேம்படுகிறதா என்று எப்படித் தெரியும்?

வந்தவர் எண்ணிக்கை அதற்கு அளவுகோல் அல்ல. பாதையில் பத்து இடங்களில் மரத்துக்கு எண் போட்டு, ஆண்டுக்கு இருமுறை அங்கே பாதையின் அகலத்தை அளந்து எழுதுங்கள். அகன்றுகொண்டே போனால் நடக்கிறவர்கள் சேற்றைச் சுற்றிப் போகிறார்கள் என்று அர்த்தம்; குறுக்கே சிறு வடிகால் வெட்டிக் கல் பாவுங்கள். கண்டெடுத்த சுருக்குக் கம்பி எத்தனை, தீ எத்தனை இடத்தில், விறகுச் சுமை எத்தனை என்று மாதந்தோறும் ஒரே நோட்டில். ரோந்தே போகாத மாதத்தில் சுருக்கு எண்ணிக்கை பூச்சியமாகத்தான் இருக்கும். அதனால் நடந்த கிலோமீட்டரையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

குப்பை?

கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவாருங்கள், பழத்தோல் உட்பட. சபரிமலையும் இந்தக் காப்பகத்துக்குள்தான் இருக்கிறது. பக்தர்கள் விட்டுச்சென்ற உணவு ஒட்டிய நெகிழிப் பைகளை உப்புக்காகவும் ருசிக்காகவும் மிளா மான்கள் விழுங்கி, குடல் அடைத்துச் செத்திருக்கின்றன. இருமுடியில் நெகிழி இல்லாமல் கட்டுவது ஒவ்வொரு குருசாமியின் கையிலும் இருக்கிறது.

பதிவு செய்யும் முன் வழிகாட்டியிடம் என்ன கேட்பது?

ரசீது யார் பெயரில் வருகிறது? குழுவின் பெயரோ காப்பகத்தின் பெயரோ இல்லாவிட்டால் அது இடைத்தரகர். அணியில் எத்தனை பேர்? இன்று முறை யாருடையது? இரைச்சல் போட்டால் பாதியில் திருப்பி அழைத்துவருவீர்களா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று தயங்காமல் சொல்கிறவரோடு போங்கள். தமிழிலேயே கேளுங்கள், பளியர்களின் பேச்சு தமிழ்தான், மன்னான்களின் பேச்சும் தமிழுக்கு நெருக்கமானது.